தெரியாதவன் வேஷம்

மே 4, ஞாயிறு

என் பெயர் வெயிலுமுத்து. இதை நானே எழுதினேன்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. பேச்சு என்றால் பேசியதும் போய்விடும். எழுத்து நான் திரும்பி வரும்வரை காத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு எழுபத்தொரு வயது. ஏரல் வாழைக்காய் மண்டியில் தார் சுமந்தவன். இந்த மாசி மாதம்தான் எழுத்துப் படித்தேன். ரேஷன் கடை மாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. ஒருநாள் மழைக்கு ஒதுங்க மாடி ஏறினேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என் மனைவி பிரமசக்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னத்த எழுதுதீரு?"

"உன் பேர."

"எங்க, காட்டும்."

காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் இம்புட்டு நீளமா?" என்றாள்.

மே 5, திங்கள்

சினிமா விஷயத்தை எழுத வேண்டும்.

தை மாதம் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்ற இயக்குநர் வந்தார். முப்பது வயது இருக்கும். சௌந்தரநாயகி என்ற அம்மா எழுதிய அறிவியல் கதைகளில் மூன்றைப் படமாக எடுக்கிறார்கள். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது கதைக்கு எங்கள் தேரிக்காட்டுச் செம்மணல் வேண்டுமாம். பல ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு உலகமே அப்படித்தான் கிடக்குமாம். அந்தக் காலத்தில் எழுத்து என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒரு கிழவன் தன் ஜனங்களுக்குத் தண்ணீர் தேடி வருகிறான். மணலுக்குள் ஒரு பழைய சுவரைப் பார்க்கிறான். சுவரில் பெரிது பெரிதாக எழுத்து. அவனுக்கு அது வெறும் கோலம். அந்தக் கிழவன்தான் நான்.

மண்டி ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு தாளைக் காட்டினார்கள். மற்றவர்கள் வாசிக்கத் தெரியாத மாதிரி நடித்தார்கள். நான் நடிக்கவில்லை, பார்த்தேன். நிரஞ்சன் கத்தினார்.

"இதுதான்! இந்தக் கண்ணுதான்! எழுத்து மேல இவர் கண்ணு ஓடவே இல்ல பாருங்க. மேகத்தப் பாக்குற மாதிரி பாக்குறாரு. இத எந்த நடிகனாலயும் நடிக்க முடியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். கதை எழுதிய அம்மாவும் ஒரு கறுப்புக் குடையோடு நின்றிருந்தார்கள். நானும் சிரித்தேன்.

வைகாசியில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வருகிறார்கள். இடையில் நான் எழுத்துப் படித்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது.

தெரிய வேண்டியதும் இல்லை. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை.

மே 16, வெள்ளி

முதல் நாள் படப்பிடிப்பு. சாக்கில் தைத்த உடுப்பு, தலையில் செம்மண், கையில் மண்வெட்டி. தேரிமேட்டில் ஏறச் சொன்னார்கள், ஏறினேன். இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன். இதற்கு மூன்று வேளையும் சாப்பாடு போடுகிறார்கள்.

டீ கொடுக்கிற மாடக்கண்ணு எங்கள் ஊர்க்காரன். "பெரியவரே, ஹீரோயின் எப்ப வருது?" என்றான்.

"அது வீட்டுல கருவாடு சுட்டுக்கிட்டு இருக்குடா."

கதை எழுதிய அம்மா வந்து எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர்களாம். பேச்சில் இன்னும் பிரம்பு இருக்கிறது.

"அண்ணாச்சி, ரெண்டு பிள்ளைகள இவங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டேன். மூத்த கதையில கடல் ஊருக்குள்ள வந்துரும், ஜனங்க அதுபாட்டுக்கு மொட்ட மாடியில குடும்பம் நடத்துவாங்க. படத்துல பாத்தா போலீஸ் தொரத்துது. அடுத்ததுல ஒருத்திகிட்ட செத்துப்போன புருஷன் குரல்ல ஒரு மெஷின் பேசும். ஒருநாள் அவளே அத நிறுத்திருவா. கதையே அதான். படத்துல அவ நிறுத்தல, மெஷினோட சேந்து பாட்டுப் பாடுதா."

"பாட்டு நல்லாருந்துச்சாம்மா?"

"அதான் வயித்தெரிச்சல். நல்லாருந்துச்சு." கொஞ்சம் சிரித்துவிட்டு, "இது கடைசிப் பிள்ளை" என்றார்கள்.

"இது நல்லா வாழும்மா."

"அது உங்க கண்ணுலதான் இருக்கு."

இன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

மே 17, சனி

உண்மையான சுவரை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லக் கூடாதாம். அதற்குப் பிறகு கதையில் என்ன நடக்கிறது என்றும் சொல்லக் கூடாதாம். "தெரிஞ்சா முகம் கெட்டுரும்யா" என்கிறார் நிரஞ்சன்.

ஒத்திகைக்காக ஒரு பலகையில் யாரோ கரியால் கிறுக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்த்தேன். ‘நாளைக்குக் காலையில் இட்லி வேண்டாம்’ என்று எழுதியிருந்தது.

"கட்" என்று சொல்லிவிட்டு நிரஞ்சன் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, கண்ணு ஓடுது."

"எங்க ஓடுது தம்பி?"

"இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கம். தை மாசம் இப்படி இல்லையே. உதடும் லேசா அசையுது."

"தூசி விழுந்துட்டு."

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் இட்லி வேண்டாம். நான் என்ன செய்ய?

பிற்பகலில் நிரஞ்சனும் அந்த அம்மாவும் வண்டிக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்கு இந்தப் பக்க நிழலில் படுத்திருந்தேன்.

"மேடம், பணம் போடுற கம்பெனி வேற முடிவு கேக்குது. உங்க முடிவு ரொம்ப இருட்டா இருக்காம்."

"இருட்டுதான். இருட்டா இருக்கும்னு தெரிஞ்சுதான வாங்கினீங்க?"

"நான் உங்க பக்கம் மேடம். ஆனா ஐயா முகத்துல அந்த ஒண்ணுமறியாத பார்வை வந்தாத்தான் நான் அவங்ககிட்ட சண்ட போட முடியும். வரலன்னா அவங்க சொல்ற முடிவுதான்."

"எத்தன தடவ எடுப்பீங்க?"

"ஒரே தடவ. அடியில வெட்டினதும் சுவர் மொத்தமா சரிஞ்சிரும். இன்னொரு சுவர் கட்ட விடமாட்டாங்க. வெள்ளிக்கிழமையோட இங்க அனுமதியும் முடியுது."

"அவங்க முடிவுல இவரு என்ன செய்வாரு?"

"வெட்டமாட்டாரு. மண்வெட்டியக் கீழ போட்டுருவாரு."

"அப்ப மூணாவதும் போச்சு" என்றார்கள் அந்த அம்மா. குரலில் பிரம்பு இல்லை.

மே 18, ஞாயிறு

எழுத்தை மறந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கண் எங்கே திரும்பினாலும் வாசிக்கிறது. தீப்பெட்டி, உரச்சாக்கு, பிரமசக்தியின் மாத்திரை அட்டை, பஸ்ஸின் பின்கண்ணாடி. நான் வாசிக்கவில்லை, அதுவே வந்து காதில் சொல்கிறது.

அந்த மாத்திரை அட்டையை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அப்போது அது எப்படித் தெரிந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நினைவு வரவில்லை. எழுபது வருஷம் பார்த்த கண் மூன்று மாதத்தில் எங்கே போனது?

பிரமசக்தி சொல்கிறாள்: "மாசியில மண்டையில ஏற மாட்டேங்குன்னு அழுதீரு. இப்ப எறங்க மாட்டேங்குன்னு அழுதீரு. உம்ம மண்டைய என்னதான் செய்ய?"

வெள்ளிக்கிழமை வரை நோட்டைத் தொடுவதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மே 19, திங்கள்

இன்று எழுதவில்லை.

மே 20, செவ்வாய்

சத்தியத்தை உடைத்துவிட்டேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

மாடக்கண்ணு வடையைத் தாளில் வைத்துக் கொடுத்தான். எண்ணெயில் ஊறிய செய்தித்தாள். ஏதோ ஊரில் ஒரு யானை கல்யாண மண்டபத்துக்குள் புகுந்து பாயசத்தை எல்லாம் குடித்துவிட்டதாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாளைத் திருப்பி, மீதிச் செய்தி அடுத்த பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். நிமிர்ந்தால் எதிரே கறுப்புக் குடை.

அந்த அம்மா குடையை மடக்கினார்கள். பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்கள்.

"யானைக்கு அப்புறம் என்ன ஆச்சாம் அண்ணாச்சி?"

என் கையிலிருந்த வடை மணலில் விழுந்தது.

"எத்தன நாளா?"

"மாசியிலேருந்தும்மா. மழைக்கு ஒதுங்கப் போனேன், அங்கன பாடம் நடந்துச்சு..."

"மாசியில ஏது மழை?"

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் பேசவில்லை. பேசாமல் இருந்தே ஒருவனைப் பேச வைக்கப் பள்ளிக்கூட டீச்சர்களுக்குத் தெரியும்.

"நீங்கல்லாம் கை தட்டினியளே அம்மா" என்றேன். "தாளக் கையில குடுத்து, இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிக் கை தட்டினிய. மண்டி பூராவும் பாத்துட்டு நின்னுச்சு. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போயி சிரிப்பு வரல."

இதை நான் பிரமசக்தியிடம்கூடச் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை.

அந்த அம்மா குடைக்கம்பியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். "நானும்தான் தட்டினேன்" என்றார்கள் கடைசியில்.

"தம்பிகிட்ட சொல்லிருவியளாம்மா?"

"சொன்னா இன்னைக்கே உங்கள அனுப்பிருவான். எடுத்தது எல்லாம் வீணு. கம்பெனி என் கதைய மூட்ட கட்டிரும்." எழுந்து நின்றார்கள். "நான் சொல்லமாட்டேன். ஆனா வெள்ளிக்கிழம உங்க கண்ணு ஓடிச்சின்னா, நான் சொல்லவே வேண்டாம். கேமராவே சொல்லிரும்."

போகும்போது திரும்பி, "யானை நல்லா இருக்கா?" என்றார்கள்.

"வயித்தால போயி, இப்ப தேவலையாம்."

அவர்கள் சிரிக்கவில்லை.

மே 21, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் நானே பிறகு வாசித்துக்கொள்கிறேன்.

இன்று படப்பிடிப்பு வண்டி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. வழக்கமாக நான் வருகிற வழி இல்லை. மதில் சுவரின் கடைசிக் கோடியிலிருந்து நடந்து வந்தேன். மதிலில் என்னவோ எழுதியிருந்தார்கள். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எதிரே வந்தது. ம் வந்தது. ப வந்தது. ர வந்தது. எல்லாம் தெரிந்த எழுத்துதான். ஆனால் ஒன்றும் பேசவில்லை. சந்தையில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, பேசாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது.

நான் நின்றுவிட்டேன். திரும்பிப் போய் மறுபடி கடைசியிலிருந்து நடந்தேன். மறுபடி, மறுபடி. மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி ஒட்டி நடக்க வேண்டும். கண்ணை முன்னால் ஓட விடக்கூடாது. வலதுகைப் பக்கமிருந்து இடதுகைப் பக்கம்.

மதிலில் என்ன எழுதியிருந்தது என்று இதுவரை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிகிறது.

மே 22, வியாழன்

நிரஞ்சனிடம் சொன்னேன். "தம்பி, இந்தப் பக்கத்துலேருந்து நடந்தா வெயில் கண்ணுல அடிக்கி. அந்தக் கோடியிலேருந்து வாரனே."

அவர் கையை நெற்றியில் வைத்து வெயிலைப் பார்த்தார். அங்கேயும் இங்கேயும் நடந்தார். "ஐயா, கண்ணும் கூசாது, மொகமும் சுருங்காது. நீங்க டைரக்டரா ஆயிருங்க" என்றார். சுவரின் இடதுகோடிக்கு வந்ததும் அடியில் ஓங்கி வெட்ட வேண்டும். வெறும் சுவர் ஒன்றில் வெட்டிப் பழகினேன்.

அந்த அம்மா தூரத்தில் நின்றார்கள். நான் ஏன் அந்தக் கோடியைக் கேட்டேன் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கிட்டே வரவே இல்லை.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். கார் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

பிரமசக்தி திருநீறு பூசிவிட்டாள். சாப்பிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

மே 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்ததும் தார்ப்பாயை எடுத்தார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாடக்கண்ணுகூட டீக்கேனை வைத்துவிட்டு வந்து நின்றான். கம்பெனிக்காரர் காரைவிட்டு இறங்கி நின்றார். என்னை வலதுகோடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். நிரஞ்சன் என் தோளைத் தொட்டு, "ஐயா, ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா பாருங்க. அது போதும்" என்றார்.

ஆக்‌ஷன் என்ற சத்தம் கேட்டது. திரும்பினேன்.

பெரிய எழுத்துகள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். சுவரை ஒட்டிக்கொண்டேன். முதலில் வு வந்தது. அதன் கொக்கியைத் தடவிக் கொடுத்தேன். அப்புறம் சா. என்ன அழகு. மாசி மாதம் இந்த எழுத்துக்காகத்தான் ஸ்லேட்டு முழுக்கக் கிறுக்கினேன். அது இப்போது என்னைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. நடிக்கவில்லை. ளே வந்தது, ள் வந்தது, உ வந்தது. கண் ஓடவில்லை. ஓட விடவில்லை. கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டேன், சூடாக இருந்தது. கொஞ்சம் வெறும் சுவர். பிறகு தே. டா. ண்.

கடைசியில் தோ வந்ததும் எனக்குள் எல்லாம் தானாகத் திரும்பிக்கொண்டது. நான் கேட்கவே இல்லை. அதுவாக வந்து காதில் சொன்னது.

தோண்டாதே. உள்ளே சாவு.

நான் இருந்தது இடதுகோடி. கையில் மண்வெட்டி. வெட்ட வேண்டிய இடம் காலடியில்.

திரும்பிப் பார்த்தேன். பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சரியாகத்தான் வாசித்தேனா என்று பார்க்கத் திரும்பினேன். சரியாகத்தான் வாசித்திருந்தேன். சுவர் முழுக்க நேராக நின்றுகொண்டிருந்தது.

கேமராவுக்குப் பக்கத்தில் அந்த அம்மா குடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தன், எனக்காக, என் பிள்ளைகளுக்காக, கை வலிக்க எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இது பொய்ச்சுவர் என்று எனக்குத் தெரியும். அட்டையும் சுண்ணாம்பும் என்று தெரியும். ஆனாலும் என் கை மேலே எழும்ப மறுத்தது. கீழே போட்டால் கம்பெனி முடிவு. வெட்டினால் அந்த அம்மாவின் முடிவு.

கை எழும்பியது. வெட்டினேன். சுவர் ஒரு பெருமூச்சு மாதிரிச் சரிந்தது. எழுத்து எல்லாம் மணலில் உடைந்து விழுந்தது. நான் தோண்டிக்கொண்டே இருந்தேன். யாரும் கட் சொல்லவில்லை.

கடைசியில் நிரஞ்சன் வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, போதும். நடுவுல திரும்பிப் பாத்தீங்களே, அது என்ன?"

தூசி என்று சொல்ல வாய்வரை வந்தது.

"வாசிச்சேன் தம்பி."

"என்னது?"

"எழுதியிருந்தத வாசிச்சேன். எனக்கு மாசியிலேருந்து வாசிக்கத் தெரியும்."

நிரஞ்சன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஓடிப்போய் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். சுவரைத் தடவிச் சிரித்துக்கொண்டு ஒரு கிழவன் வருகிறான். குழந்தை மாதிரி இருக்கிறான். திரும்பிப் பார்க்கிறான். அவன் முகத்திலிருந்து என்னவோ வடிந்து போகிறது. அப்புறமும் மண்வெட்டியை ஓங்குகிறான். அது நான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

கம்பெனிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "திரும்பிப் பாக்குறத மட்டும் வெட்டி எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தார்.

"தொடாதீங்க" என்றார்கள் சௌந்தரநாயகி அம்மா.

நிரஞ்சன் மெதுவாகச் சொன்னார். "மேடம், இது உங்க கதையில இல்ல."

"இல்ல. என் கிழவன் தெரியாமத் தோண்டி, உள்ள பொதச்சு வச்ச விஷத்துல சாவான். படிக்கத் தெரிஞ்சிருந்தாத் தப்பிச்சிருப்பான்னு நெனச்சு அத எழுதினேன். அவ்வளவு நம்பிக்க எனக்கு." படத்தில் என் முகம் அப்படியே நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். "இது அதவிட மோசமா இருக்கு. இதுதான் உண்ம. இருக்கட்டும்."

கம்பெனிக்காரர் காருக்குப் போய்ப் போனில் பேசினார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கை தட்டவில்லை. யாருமே தட்டவில்லை.

மே 24, சனி

காலையிலிருந்து பிரமசக்தி கதை கேட்கிறாள். எல்லாம் சொன்னேன். சாவு என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"எழுதியிருந்தத வாசிச்சீரு?"

"வாசிச்சேன்."

"அர்த்தமும் தெரிஞ்சிச்சி?"

"தெரிஞ்சிச்சி."

"பெறவும் எதுக்கு வெட்டினீரு?"

"அந்தம்மா கதை அப்படி."

"கதைய விடும். உம்ம கேக்கேன். நீரு எதுக்கு வெட்டினீரு?"

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று சொல்லலாம். வெயில் போய்விடும் என்று சொல்லலாம். கையில் மண்வெட்டி இருந்தது என்று சொல்லலாம். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

சோறு வெந்துவிட்டது. உள்ளேயிருந்து கேட்கிறாள்: "எழுதிட்டீரா?"

இன்னும் இல்லை.